வேலை தரும் தொழிற்சாலையை ஊரே ஏன் துரத்துகிறது?

சென்ற பேச்சில் அமெரிக்க மாநிலங்கள் தொழிற்சாலைகளை இழுக்கக் கொடுக்கும் சலுகைகளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "மிச்சிகனில் ஒரு பேட்டரி தொழிற்சாலை 2,350 பேருக்கு வேலை தருகிறேன் என்றது. ஊர்க்காரர்கள் விரட்டிவிட்டார்கள். வீடு தேடி வந்த லட்சுமியை உதைப்பது இல்லையா இது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பும் வந்தது. இந்த லட்சுமி வாசலில் நின்றுகொண்டு முதலில் பெட்டிச் சாவியைக் கேட்கிறாளே!

அவர் சொல்வது கோஷன் என்ற நிறுவனத்தை. 2022இல் கிரீன் சார்ட்டர் டவுன்ஷிப் என்ற சிறிய ஊருக்கு வருவதாக அறிவித்தார்கள். மானியமும் வரிச் சலுகையும் சேர்த்து சுமார் 71.5 கோடி டாலர். வேலைக்கு வகுத்துப் பாருங்கள், தலைக்கு 3 லட்சம் டாலர். 2023 நவம்பரில் ஊர்மக்கள் வாக்களித்து ஊராட்சி உறுப்பினர்கள் ஐந்து பேரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2025இல் திட்டமே கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் எல்லோரும் கணக்குப் பார்த்து எதிர்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சீனத் தொடர்பு உள்ள நிறுவனம் என்பதற்காகவே எதிர்த்தவர்கள் நிறைய. தண்ணீரைப் பற்றிய பயமும் இருந்தது. ஆனால் அந்தப் பயங்களுக்கு நடுவே நியாயமான கேள்வி ஒன்றும் இருந்தது. முதலில் கொடுப்பது யார்?

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. எண்ணைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். என் மாமா வீடு கட்டியபோது கொத்தனாருக்கு அஸ்திவாரத்துக்கு முன்பே முக்கால் பணத்தைக் கொடுத்துவிட்டார். பழைய நேயர்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். சுவர் இடுப்பளவு எழும்பியது, அதற்கு மேல் எழும்பவில்லை. கொத்தனார் திருடன் இல்லை, அவருக்கு வேறு இடத்தில் வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்ததும் இதுதான். 2017இல் ஃபாக்ஸ்கான் என்ற தைவான் மின்னணு நிறுவனம் வெள்ளை மாளிகையிலேயே அறிவித்தது: 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலைகள். மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. போட்ட பணம் திரும்பி வரவே 25 ஆண்டு ஆகும் என்று அந்த மாநிலச் சட்டமன்றத்தின் நிதி அலுவலகமே கணக்குப் போட்டது. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 13,000 என்பது 1,454 ஆனது. சலுகை உச்சவரம்பு 8 கோடி டாலர்.

இங்கேதான் வரிசையைக் கவனிக்க வேண்டும். மாநிலத்தின் வரிச் சலுகை, ஆள் எடுத்தால்தான் பணம் என்று எழுதப்பட்டிருந்தது. 2018க்குள் குறைந்தது 260 பேராவது வேண்டும். அந்த எண்ணிக்கை வரவில்லை, அந்த ஆண்டுச் சலுகையும் நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை. ஆக, மாநிலம் பெரிய அடியிலிருந்து தப்பித்தது. ஆனால் மவுண்ட் பிளசன்ட் என்ற கிராமம் நிலம் வாங்கவும் குழாய் போடவும் முன்னாலேயே கடன் வாங்கியிருந்தது. நன்றாக இருந்த வீடுகள் நின்ற இடத்தையும் சேர்த்து, நிலத்தைக் கையகப்படுத்த வழி செய்யும் 'நலிந்த பகுதி' என்று தீர்மானம் போட்டார்கள். மக்கள் விற்றுவிட்டுப் போனார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. நிறுவனம் குறைந்தபட்சச் சொத்து வரிக்கு உறுதி கொடுத்திருந்ததால் கிராமம் மூழ்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் மைக்ரோசாஃப்ட் அங்கே நிலம் வாங்கியது. இடிந்த வீடு இடிந்ததுதான்.

உண்மையில் நேயர் வேறொன்றைக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். சலுகை கொடுக்காமல் இருந்தாலும் அந்தத் தொழிற்சாலை வந்திருக்குமா? டிமோத்தி பார்ட்டிக் என்ற பொருளாதார அறிஞர் பல ஆய்வுகளை அலசி, சலுகை முடிவை மாற்றுவது நூற்றுக்கு 2 முதல் 25 இடங்களில்தான் என்கிறார். மற்ற இடங்களில், எப்படியும் வரப்போகிற விருந்தாளிக்கு வண்டிக்கூலி அனுப்பியிருக்கிறோம். ஒப்பந்தம் போடும் மேசையில் இந்தக் கேள்வியை யாரும் விரும்புவதில்லை. அதிகாரிக்கும் அரசியல்வாதிக்கும் அடிக்கல் நாட்டும் புகைப்படம் போதும். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்கிறவர்தான் இதைக் கேட்கிறார். அவரைப் போய் முட்டாள் என்கிறோம்.

சரி, அடுத்த நேயர் வட்டி விகிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.