கால் முளைக்காத கதை

(சிறுகதைப் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நிறையக் கதை வாசிக்கிறவன், கொஞ்சம் எழுதுகிறவன். உங்களிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன். உடற்குறையுள்ள ஒருவரைக் கதைக்குள் கொண்டுவரும்போது அந்தக் குறைக்கு அர்த்தம் தேடாதீர்கள். அவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று தேடுங்கள்.

அர்த்தம் தேடும் பழக்கம் நம்மிடம் பழையது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்றே ஒரு சிற்றிலக்கிய வகை தமிழில் செழித்தது. தாசியிடம் பொருளை இழந்த ஒரு திருடன் குதிரை திருடப் போவான், பிடிபடுவான், கால் போகும். கடைசியில் தெய்வ அருளால் போன கால் திரும்ப வளரும். திருச்செந்தூர் முருகனை வைத்து ஒன்று, இஸ்லாமிய வள்ளல் சீதக்காதியின் பெயரால் ஒன்று என்று சமயம் மாறினாலும் முடிவு மாறுவதில்லை. அந்தத் திருடனே மேடையேறி, தன் கதையைத் தானே சிந்துப் பாட்டில் சொல்கிற அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் குறை தண்டனையாக வருகிறது, அருளால் போகிறது. இன்று நீங்கள் எழுதும் கதைகளிலும் இதைப் பார்க்கிறேன். தெய்வம் இருந்த இடத்தில் அறுவைச் சிகிச்சை வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சிகிச்சைக்கு வழியில்லாத பாத்திரம் கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறது.

அதே தமிழில்தான் இரட்டைப் புலவர்களும் இருந்தார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்கு நடக்க முடியாது. நடக்க முடியாதவரைக் கண் தெரியாதவர் தோளில் சுமப்பார், தோளில் இருப்பவர் வழி சொல்வார். ஒருவர் பாதிப் பாட்டைப் பாட, மற்றவர் முடித்துவைப்பார். மதுரைக் குளத்தில் துணி துவைக்கும்போது கந்தை நழுவிப் போன கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கந்தைக்கு ஆயிரம் கண் என்று ஒரு பேச்சு அவர்களுக்குள் வருகிறது. கண்ணென்றால் கிழிசல். பார்வையில்லாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை வைத்தே விளையாடுகிறார்கள்! இரண்டு பேரும் ஊர் ஊராகப் போகிறார்கள், பரிசு கேட்கிறார்கள், கொடுக்காதவனை ஏசுகிறார்கள். கடைசிவரை யாருக்கும் காலும் முளைக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. இவை செவிவழிக் கதைகள்தான். இருந்தும் இந்த இருவரையும் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, ஒரு நாள் எப்படிக் கழிகிறது? என் சட்டைப் பையிலிருந்தே தொடங்குகிறேன். இப்போதைய 100 ரூபாய்த் தாளின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை, பின்னால் ஆட்கள் நிற்கிற கடை வரிசையில், விரலால் கண்டுபிடிக்க வேண்டும். தடவிப் பார்க்க ஓரத்தில் மேடான கோடுகள் உண்டு. தாள் பழசானால் அவையும் தேய்ந்துவிடும். அதனால் நான் ஐந்நூறை நீளவாக்கில் மடிப்பேன், இருநூறைக் குறுக்கே மடிப்பேன், நூறை மடிக்கவே மாட்டேன். இப்படி மடித்து வைக்கிற ஒரு பாத்திரத்தை இதுவரை எந்தக் கதையிலும் நான் சந்தித்ததில்லை. அடுத்தவர் முகத்தைத் தடவிப் பார்க்கும் பாத்திரங்களைச் சந்தித்துக்கொண்டே இருக்கிறேன். நான் யார் முகத்தையும் தடவியதில்லை.

இன்னொன்று. விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் தமிழ் எழுதும்போது மெய்க்குப் பின்னால் உயிரெழுத்து அப்படியே வரும். 'கொ' என்றால் முதலில் க, அப்புறம் ஒ. காதில் விழும் வரிசைதான். முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் அதற்கு உண்டு என்று எட்டாம் வகுப்பில் ஒரு நண்பன் என் உள்ளங்கையில் எழுதிக் காட்டியபோதுதான் தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. "இருளில் வாழ்ந்தான்" என்று நீங்கள் எழுதும் வரியைவிட அந்த உள்ளங்கை எனக்கு உண்மை.

துணிக்கடைக்குப் போனால், "சாருக்கு என்ன கலர் எடுக்கலாம்?" என்று என் மனைவியிடம் கேட்பார்கள். சாருக்கு நீலம்தான் வேண்டும். பத்து வயதில் நீலச் சட்டை போட்ட அன்று அக்கா "நல்லாருக்குடா" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதில் பிடிவாதம். உங்கள் பாத்திரத்துக்கும் இப்படி ஒரு பிடிவாதம் கொடுங்கள். கடன் கொடுங்கள், பொறாமை கொடுங்கள், காதலில் தப்பு செய்ய விடுங்கள். தியாகி ஆக்கி ஓரமாக உட்காரவைக்காதீர்கள்.

எந்தச் சொல்லைப் போடுவது என்று கேட்கிறார்கள். கதை சொல்லும் குரல் 'குருடன்', 'நொண்டி' என்று சொல்ல வேண்டாம். கதைக்குள் ஒரு முரட்டு மாமா சொன்னால் சொல்லட்டும், அப்படிப்பட்ட மாமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே மாமா வீட்டுத் திண்ணையில் 'மாற்றுத்திறனாளி' என்று பேசினால் அரசாணை வாசிப்பது போலிருக்கும். 'கண்ணு தெரியாதவர்' என்றுதான் ஊரில் சொல்வார்கள். கேலி வரலாமா என்றால், யாருடைய கேலி என்று பாருங்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில் இதைத்தான் பிரித்துச் சொன்னது: உடற்குறையைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அந்த மனிதரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு.

எழுதி முடித்ததும் அந்தக் குறையோடு வாழ்கிற ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் போதாது, இரண்டு மூன்று பேர். என் பணத்தாள் மடிப்பு எனக்கு மட்டும்தான். இன்னொருவர் கைபேசிச் செயலியை வைத்துப் பார்ப்பார், இன்னொருவர் கடைக்காரரை நம்பிக் கொடுத்துவிடுவார்.

எனக்கும் அனுப்பலாம். யூனிகோடில் அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தால், எனக்கு உரக்க வாசித்துக் காட்டும் கணினி அதை ஆங்கில எழுத்துகளாக வாசிக்கிறது. பக்கத்தைப் படம் பிடித்தும் அனுப்ப வேண்டாம். எழுத்தாக வந்தால் அன்று இரவே கேட்டுவிடுவேன்.