வாரியம் நுழையாத ஆலை

நேயர்களுக்கு வணக்கம்.

கல்பாக்கம் என்றதும் மின்சாரம் தரும் அணு உலைகள்தான் நினைவுக்கு வரும். அங்கேயே இன்னோர் ஆலையும் உண்டு. உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. பிரித்தெடுத்த புளூட்டோனியம் உலைக்கும் உதவும், குண்டுக்கும் உதவும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2003 ஜனவரி 21. அந்த ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் தொழிலாளர்கள் மாதிரி எடுக்கிறார்கள். கதிர்வீச்சு குறைந்த கழிவு என்றுதான் அவர்கள் நினைப்பு. ஆனால் ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுள்ள கழிவு வந்து கலந்திருக்கிறது. ஆலைக்கு அப்போது ஐந்து வயது. அந்த இடத்தில் கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவி ஒன்றுகூட இல்லை. நம் வீட்டு குக்கருக்கே விசில் இருக்கிறது! எடுத்த மாதிரியைச் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் ஆறு பேர் உடலில் ஏறிய கதிர்வீச்சு, ஓர் ஆண்டுக்கான உச்சவரம்பான 30 மில்லிசீவர்ட்டைப் போலப் பல மடங்கு.

இதைத் தட்டிக்கேட்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இருக்கிறதே என்பீர்கள். சரிதான். ஆனால் 2000-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து அரசு விலக்கிவிட்டது. பொக்ரான் சோதனை முடிந்து இரண்டு வருடம். ஆயுதத்தோடு தொடர்புடைய இடங்களில் வெளியார் தலையிட வேண்டாம் என்ற எண்ணம். கல்பாக்கத்தின் அந்த ஆலை பாபா மையத்தின் பொறுப்பில் இருந்தது. ஆக, நடத்துபவர்களும் அவர்களே, சோதிப்பவர்களும் அவர்களே.

தொழிற்சங்கம் பத்துக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தது. அதில் ஒன்று, முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது. இதையெல்லாம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது, பாருங்கள். வெளியுலகுக்குச் செய்தி பரவியதோ சுமார் ஆறு மாதம் கழித்து.

எத்தனை கிலோ புளூட்டோனியம் இருக்கிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். சுவரில் அலாரம் மாட்டியிருக்கிறதா என்று வெளி ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தால் எந்த ரகசியம் கசிந்துவிடும்?

அப்புறம் 2011-இல், புதிய ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மசோதா வந்தது. அதிலும் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி எந்த ஆலையையும் அரசு விலக்கி வைக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. மசோதா நிறைவேறவில்லை, 2014-இல் மக்களவையோடு காலாவதியானது.