பின்பிரேக்கு மேல ஒரு கால்

நேயர்களுக்கு வணக்கம். ஏ.டி.வி.ன்னு ஒரு வண்டி பார்த்திருப்பீங்க. நாலு குண்டுச் சக்கரம், பைக் மாதிரியே ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஹேண்டில்பார் பிடிச்சு ஓட்டுறது. அதை முன்னால தூக்கி, பின்சக்கரத்துலேயே ஓட்டிட்டுப் போவாங்க. நம்ம பையங்க பாஷையில வீலிங்.

எனக்கு இதைப் புரியவச்சது டிராக்டர்தான். அம்பாசமுத்திரம் பக்கம் எங்க வயல்ல தொளி அடிக்கும்போது பின்சக்கரம் சேத்துல புதைஞ்சிட்டு. சித்தப்பா கியரைப் போட்டு கிளட்சைப் பட்டுன்னு விட்டாரு. சக்கரம் அசையல, மூக்கு மேல எந்திரிச்சிட்டு! சக்கரம் சுத்த முடியலைன்னா, என்ஜின் வண்டியையே அச்சைச் சுத்திப் புரட்டப் பார்க்கும். வரப்புல நின்ன ஆச்சி, "ஏலே, கிளட்சை மிதிலே!"ன்னு கத்துனா. ஆச்சி ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது, பார்த்துப் பார்த்தே படிச்சவ. சித்தப்பா மிதிச்சாரு, மூக்கு தொப்புன்னு இறங்கிட்டு. ஒரு நொடி தாமதிச்சிருந்தா டிராக்டர் அவரு மேல.

டிராக்டர்ல தெரியாம நடந்ததை ஏ.டி.வி. ஓட்டுறவங்க தெரிஞ்சே செய்றாங்க. உடம்பைப் பின்னால சாய்ச்சு, ஆக்சிலேட்டரை அழுத்தினா முன்பக்கம் எழும்பும். ரொம்ப எழும்பிட்டா? வலது காலால பின்பிரேக். லேசா மிதிச்சாலே மூக்கு கீழ வரும். அந்தக் கால் பிரேக்கை விட்டு நகரவே கூடாது. மறுபடி சொல்றேன், நகரவே கூடாது. பெரும்பாலும் ஆக்சிலேட்டர் கட்டைவிரல்லதான் இருக்கும். பைக் மாதிரி முறுக்குறதா இருந்தா, பின்னால சாயும்போது கை தன்னால இன்னும் முறுக்கிடுமே!

டயரும் வேற. கார் டயர்ல 30 பவுண்டு காத்துன்னா இதுல 5 பவுண்டு பக்கம்தான். குதிரைமொழித் தேரியில நடந்தவங்களுக்குத் தெரியும், அந்தச் செம்மணல் காலை எப்படி உள்ள இழுக்கும்னு. இந்த டயர் புதையாம மேலேயே படர்ந்து போகும். ஆனா தூக்கின மூக்கு இறங்கும்போது பந்தா துள்ளும், முழங்காலை மடக்கி வாங்கணும்.

முதல்ல, 1970-ல, ஹோண்டா விட்டது மூணு சக்கரம். வளைவுல ஆட்டோ என்ன செய்யும்னு உங்களுக்குச் சொல்லணுமா? 1988-ல அமெரிக்காவில அந்த விற்பனையை நிறுத்திட்டாங்க.

அடுத்து, ஒரு பக்கத்து ரெண்டு சக்கரத்துல ஓட்டுற வித்தை. சைக்கிள் மாதிரிதான், விழுற பக்கமே ஹேண்டிலைத் திருப்பணும். கார்ல இதைச் செய்யணும்னா டிஃபரன்ஷியல்ல, அதான் ரெண்டு பக்கச் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கரப் பெட்டி, அதுல... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிஞ்சதுன்னு விரல் காட்டுறாங்க. ஹெல்மெட் போடுங்க. என்ஜினை அணைக்கிற கயிறை மணிக்கட்டுல மாட்டுங்க, நீங்க விழுந்தா வண்டி நிக்கணும். ரோட்டுல வேண்டவே வேண்டாம். டிஃபரன்ஷியல் கதை இன்னொரு நாள். வணக்கம்.