மெஷின் மேல ஒரு பூச்சாடி

வணக்கம் நேயர்களே. ஆப்பிரிக்காவுல அறிவியல் திறன் வளர்க்குறதப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். நான் எத்தியோப்பியாவுல ஒரு யூனிவர்சிட்டியில ஆறு வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தேன். அங்க பசங்க சார், மேடம்னெல்லாம் கூப்பிட மாட்டாங்க, எல்லாருமே "டீச்சர்"தான். பாடம் முடிஞ்சு வெளிய வந்தா நாலு பேர் பின்னாடியே வந்து டீச்சர் இது ஏன் இப்படி, அது ஏன் அப்படின்னு கேட்டுக்கிட்டே வருவாங்க, அவ்வளவு ஆர்வமான பிள்ளைங்க.

எங்க லேப்ல ஒரு ஏஏஎஸ் மெஷின் இருந்துச்சு. அட்டாமிக் அப்சார்ப்ஷன் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு முழுப் பேரு, தண்ணியில ஈயம் எவ்வளவு கலந்திருக்கு, மண்ணுல துத்தநாகம் எவ்வளவு இருக்குன்னு துல்லியமா அளக்குற மெஷின். நான் போய்ச் சேர்ந்தப்போ அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர் போட்டு, கவர் மேல யாரோ ஒரு பூச்சாடி வச்சிருந்தாங்க. விசாரிச்சா, லேம்ப் போயிடுச்சாம். இந்த மெஷின்ல பொதுவா ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி லேம்ப் வேணும், அது வெளிநாட்டுல இருந்து வரணும், அதுக்கு டாலர் கிடைக்கணும், கஸ்டம்ஸ் தாண்டணும். அதெல்லாம் தாண்டி வந்தாலும் மாட்டி செட் பண்ணத் தெரிஞ்ச ஒரே டெக்னீஷியன் வேற வேலைக்குப் போயிட்டாரு. அதனால பசங்க சின்னச் சின்ன பாட்டில்ல தண்ணிய நிரப்பி, லேபிள் ஒட்டி, பஸ்ல ராத்திரி முழுக்க மடியில வச்சுக்கிட்டு தலைநகர் அடிஸ் அபாபாவுக்குக் கொண்டுபோவாங்க. அங்க லேப்ல இடம் கிடைச்சாதான் ரிசல்ட்.

இத நான் ஏன் சொல்றேன்னா, அறிவியல் திறன் வளர்க்குறதுன்னா மெஷின் வாங்கிக் குடுக்குறதுன்னே ரொம்ப நாளா எல்லாரும் நினைச்சுட்டாங்க. இன்னொரு வழி, நல்லாப் படிக்கிற பிள்ளைங்கள ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்புறது. போறவங்கள்ல பாதிப் பேராவது திரும்பி வந்தா நல்லதுதான், ஆனா திரும்பி வந்து வேலை பாக்க லேப் எங்க இருக்கு?

இந்த முடிச்ச அவிழ்க்கத்தான் 2013-ல உலக வங்கி துணையோட ஆப்பிரிக்க அரசுகள் சேர்ந்து அறிவியல், பொறியியல், தொழில்நுட்பத் திறன் வளர்க்க பாசெட்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. எத்தியோப்பியா, ருவாண்டா, செனகல் மூணும் முன்னாடி நின்னுச்சு, அப்புறம் இன்னும் பல நாடுங்க சேர்ந்துச்சு. இதுக்குக் கீழ பிஎச்டி ஸ்காலர்ஷிப்புக்குன்னு ஒரு பொது நிதி இருக்கு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அரசுகள் தங்களோட சொந்தக் காசையும் அதுல போடுறாங்க. பத்து வருஷத்துல 10,000 பிஎச்டி-ன்னு பெரிய இலக்கு வச்சாங்க. பிள்ளைங்க இன்னொரு ஆப்பிரிக்க நாட்டு யூனிவர்சிட்டியில போய்ச் சேரலாம், நடுவுல கொஞ்ச காலம் வெளிநாட்டு லேப்ல போய் வேலை கத்துக்கிட்டுத் திரும்ப வந்து, தான் சேர்ந்த ஆப்பிரிக்க யூனிவர்சிட்டியிலயே பட்டம் வாங்கணும். சாண்ட்விச் முறைன்னு சொல்வாங்க.

ஏன் பல நாடு சேரணும்? ஒரு நாடு மட்டும் சுரங்கப் பொறியியல்ல பிஎச்டி ஆரம்பிச்சா வருஷத்துக்கு மூணு பேர் வரலாம், அந்த மூணு பேருக்காக வழிகாட்ட ஆளும் லேபும் வச்சுத் தாக்குப்பிடிக்க முடியாது. பத்து நாடு சேர்ந்து, நீ சுரங்கம் பாத்துக்கோ, நான் விவசாயம் பாத்துக்குறேன்னு பிரிச்சுக்கிட்டா கட்டுப்படியாகும்.

அந்த ஸ்காலர்ஷிப் நிதிய நிர்வாகம் பண்ற வேலை நைரோபியில இருக்குற இசிப்பே நிறுவனத்துக்குப் போச்சு. 1970-ல தாமஸ் ஒடியாம்போங்குற கென்ய விஞ்ஞானி ஆரம்பிச்ச பூச்சி ஆராய்ச்சி மையம் அது. அவங்க செஞ்ச ஒரு வேலையச் சொல்றேன், கேளுங்க. மக்காச்சோளத்துல தண்டுத்துளைப்பான்ங்குற அந்துப்பூச்சியோட புழு பெரிய தொல்லை, மக்காச்சோள வேர்ல ஒட்டிச் சத்தெல்லாம் உறிஞ்சுற ஸ்ட்ரைகாங்குற களையும் உண்டு. இவங்க என்ன பண்ணாங்கன்னா, மக்காச்சோள வரிசைக்கு நடுவுல டெஸ்மோடியம்னு ஒரு தீவனச் செடிய நட்டாங்க, அதோட வாசனை அந்துப்பூச்சிக்கு ஆகாது, விலகிப் போகும். வயல் ஓரத்துல நேப்பியர் புல்லு, அதுல அந்துப்பூச்சி தானா போய் முட்டை வைக்கும், ஆனா புழு அந்தப் புல்லுல பெரும்பாலும் பிழைக்காது. டெஸ்மோடியம் வேரு ஸ்ட்ரைகாவையும் அடக்கிடும், மண்ணுக்கு நைட்ரஜனும் சேரும், ரெண்டு செடியுமே மாட்டுக்குத் தீனி. பெரிய மெஷின் எதுவும் வயலுக்குத் தேவையில்ல, ஆனா அந்த வாசனையில என்ன ரசாயனம் இருக்குன்னு கண்டுபிடிக்கத் தேர்ந்த கெமிஸ்ட் வேணும். இங்கிலாந்து ஆராய்ச்சி நிலையத்தோடயும் கென்ய விஞ்ஞானிகளோடயும் சேர்ந்துதான் செஞ்சாங்க.

ஒரு குறையும் சொல்லியே ஆகணும். பிஎச்டி எத்தனைன்னு எண்ணுறாங்க, லேம்ப் மாட்டத் தெரிஞ்ச டெக்னீஷியன் எத்தனைன்னு அந்த அளவுக்கு யாரும் எண்ணுறதில்ல. இதுல கானா காட்டின வழி எனக்குப் பெருசாத் தெரியுது. குண்டுன்சேங்குற இடத்துல தொலைத்தொடர்புக்கு வச்சிருந்த 32 மீட்டர் அகல சாட்டிலைட் டிஷ் ஒண்ணு, கடலுக்கடியில கேபிள் வந்ததும் வேலையில்லாம நின்னுச்சு. தென்னாப்பிரிக்காக்காரங்களும் கானாக்காரங்களும் சேர்ந்து துருவச் சுரண்டி, தேவையான பாகங்கள மாத்தி, 2017-ல அத விண்வெளியில இருந்து வர்ற ரேடியோ அலைகளப் பிடிக்குற ரேடியோ டெலஸ்கோப்பா ஆக்கிட்டாங்க. புதுசா ஒண்ணு வாங்கி நிறுத்தியிருந்தா நட்டு போல்ட் வரைக்கும் தெரிஞ்ச அந்த ஆளுங்க உருவாகியிருப்பாங்களா?

போன மாசம் என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணுகிட்ட இருந்து வாட்ஸப்ல போட்டோ வந்துச்சு. பக்கத்து நாட்டுல பிஎச்டி பண்றா, கையில ஒரு லேம்ப், பின்னாடி மெஷின் மூடி திறந்து கிடக்கு, "நானே மாட்டினேன் டீச்சர்"னு எழுதியிருக்கா. நம்ம பழைய லேப் எப்படி இருக்குன்னு கேட்டேன். பூச்சாடி இன்னும் அங்கயேதான் இருக்காம், படிப்பு முடிச்சதும் மொத வேலையா அத எடுத்துக் கீழ வைக்கப் போறாளாம்.

கேட்ட எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.