எந்த டிஸ்க்கை உருவுவது?

நேயர்களுக்கு வணக்கம். பல ஹார்டு டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் அடுக்கி, ஒன்று பழுதானாலும் தகவல் அழியாதபடி வைக்கும் ஏற்பாட்டை ரெய்டு என்கிறார்கள். 1988இல் பெர்க்லியிலிருந்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பரவிய பெயர் அது. அதன் கணக்கைப் படம் போடாமல் சொல்ல முடியாது, விட்டுவிடுகிறேன். ரெய்டு 5 என்ற வகை ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும், ரெய்டு 6 என்ற வகை இரண்டைத் தாங்கும். இது போதும்.

ஆகவே டிஸ்க் பழுதாவது விபரீதமில்லை. கழற்றப் போகிற கை, பக்கத்திலிருக்கும் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதுதான் விபரீதம்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ரெய்டு 5 பெட்டி ஒன்று. திரையில், மூன்றாம் எண் டிஸ்க் பழுது என்று வந்தது. பொறுப்பிலிருந்தவர் இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி உருவினார். மென்பொருளோ பூச்சியத்திலிருந்து எண்ணுகிற ஜாதி! அதற்கு மூன்று என்பது நான்காவது அறை. ஏற்கெனவே ஒன்று போயிருந்தது, இப்போது இன்னொன்று. மொத்தப் பெட்டியும் நின்றுவிட்டது. நல்ல வேளை, பழையதை விட்டுவிட்டு ரெய்டைப் புதிதாக உருவாக்கவா என்று திரை கேட்டபோது அவர் ஆம் என்று அழுத்தவில்லை. எதையும் தொடாமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டார், தகவல் பிழைத்தது. அந்த ஒரு பொத்தானால் எத்தனையோ பெட்டிகள் குடிமுழுகிப் போயிருக்கின்றன.

அறை எண்ணை நம்பாதீர்கள். லினக்ஸ் இயங்குதளம் டிஸ்க்குகளுக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களையும் நம்பாதீர்கள்; கணினியை மறுபடி இயக்கினால் அவை இடம் மாறக்கூடும். டிஸ்க்கின் மேல் தயாரிப்பாளர் அச்சிட்ட வரிசை எண், அதாவது சீரியல் நம்பர், ஒன்றுதான் மாறாதது. ஆனால் பெட்டிக்குள் செருகிவிட்டால் அந்த எண் கண்ணில் படாது. அதனால் முதல் நாளே எழுதி ஒவ்வோர் அறையின் முகப்பிலும் ஒட்டுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது, ஒட்டுகிறவர்கள்தான் குறைவு. ஒட்டாமல் விட்டவர்கள், குறிப்பிட்ட அறையின் விளக்கைச் சிமிட்ட வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையா? கணினியை முறைப்படி அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைப் படியுங்கள். எடுத்த அறையிலேயே திரும்பச் செருகுங்கள். கொஞ்ச நேரம் வேலை நிற்கும், அவ்வளவே.

ஓடும்போதே கழற்றலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தாலும், முதலில் மென்பொருளில் அந்த டிஸ்க்கை விலக்குங்கள். பிறகு தாழைத் திறந்து சற்றே வெளியே இழுத்து அரை நிமிடம் பொறுங்கள். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல்பவை. சுழலும் பம்பரத்தைக் கையில் ஏந்திச் சாய்ப்பது போலத்தான் அந்த நேரத்தில் அதைப் பிடுங்குவது. நின்ற பிறகு முழுதாக எடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், சுருக்கிக்கொள்கிறேன். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தகவலை அது மறுபடி நிரப்பிக்கொள்ளப் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கிலும் ஆகும். அதுவரை மற்றவற்றைத் தொடாதீர்கள். தனிப் பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும், ரெய்டு அதற்கு ஈடாகாது. கழற்றிய டிஸ்க்கிலும் உங்கள் தகவல் இருக்கும், அப்படியே குப்பையில் போட்டுவிடாதீர்கள். வணக்கம்.