எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்கலாம்?

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'சட்டமன்ற உறுப்பினரின் மக்கள் பணி' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கட்சி உறுப்பினர் என்று போடவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஊரக வளர்ச்சித் துறையில் இருந்தவரை எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களோடும் வேலை பார்த்திருக்கிறேன். மனு வாங்குவதிலும் ரிப்பன் வெட்டுவதிலும் அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை. மனு கொடுத்தவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு வளர்பிறை முகூர்த்த நாளில் எம்.எல்.ஏ. கூடப் போய்ப் பார்த்தால் தெரியும். விடிவதற்குள் ஒரு கல்யாண மண்டபம். அங்கிருந்து இன்னொரு மண்டபம். நடுவில் ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம். வழியில் ஒரு துக்க வீடு. மாலையைக் காரின் பின்சீட்டில் தயாராக வைத்திருப்பார்கள். மதியம் ஒரு பள்ளி ஆண்டு விழா. சாயங்காலம் மஞ்சள் நீராட்டு. எல்லா இடத்திலும் மொய் உண்டு, இல்லாவிட்டால் பேச்சு வரும். தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகையை வகுத்தாலே தொகுதிக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் வருகிறது. அதில் எத்தனை வீட்டு விசேஷத்துக்கு ஒரு மனிதர் போக முடியும்? ஆனாலும் "எங்க வீட்டு விசேஷத்துக்கு வரலை" என்பது நம் ஊரில் தேர்தல் வரைக்கும் மறக்காத குற்றம். "சட்டசபையில் அஞ்சு வருஷத்தில் என்ன பேசினீங்க?" என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, அலுவலகத்துக்கு வருவோம். ஒவ்வொரு தொகுதியிலும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. காலையில் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பாட்டி. பட்டா மாறுதலுக்கு ஒருவர். மகளிர் உரிமைத் தொகையில் பெயர் விடுபட்டுப் போனவர். மகனுக்குக் கல்லூரியில் இடம் கேட்டு ஒரு அப்பா. பணியிட மாறுதல் கேட்டு ஓர் ஆசிரியை. பி.ஏ. எல்லாவற்றையும் வாங்கி, லெட்டர் பேடில் பரிந்துரைக் கடிதம் அடித்துக் கொடுப்பார். "மனுதாரர் எனக்கு நன்கு தெரிந்தவர், ஆவன செய்யவும்." அதை எடுத்துக்கொண்டு அவர்கள் தாலுகா அலுவலகம் போவார்கள்.

அந்தக் கடிதத்தால் என்ன நடக்கும்? உள்ளே இருந்தவன் என்பதால் சொல்கிறேன், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. முதியோர் உதவித்தொகையை முடிவு செய்கிறவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். வயது, வருமானம், ஆதரவு உண்டா இல்லையா என்பதைப் பார்த்து அவர்தான் உத்தரவு போட வேண்டும். தகுதி இருந்தால் கடிதம் இல்லாமலே கிடைக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் இருந்தும் கிடைக்கக்கூடாது. ஒரே நாளில் நாற்பது கடிதம் வந்து விழுந்தால் எல்லாமே ஒரே கட்டாகப் போய்விடும்.

அப்புறம் ஏன் ஜனங்கள் அங்கே போகிறார்கள்? இதைக் கேலி செய்யக்கூடாது. மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 2023-ல் 1,200 ஆக்கினார்கள். அந்த 1,200-ஐ நம்பித்தான் அந்தப் பாட்டி வீட்டு அடுப்பு எரிகிறது. விண்ணப்பம் என்ன ஆனது என்று கவுண்டரில் கேட்டால் "அப்புறம் வாங்க" என்கிறார்கள். எம்.எல்.ஏ. ஆபீசில் "உட்காருங்கம்மா" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பஸ் ஏறி வருகிறார்கள்.

ஒரு தொகுதி அலுவலகத்தில் நான் பார்த்த நல்ல வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். மனு வந்தவுடன் பெரிய பைண்டு நோட்டில் வரிசை எண், பெயர், செல்போன் எண், எந்த அலுவலகம் என்று ஒரு பெண் எழுதுவார். அந்த எண்ணைச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி மனுதாரர் கையில் கொடுத்துவிடுவார். வாரத்துக்கு ஒரு நாள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாகப் போன் போடுவார். "எண் இன்ன மனு, தள்ளுபடியா, நிலுவையா? தள்ளுபடி என்றால் காரணம் என்ன?" அவ்வளவுதான். பரிந்துரை கிடையாது, சத்தம் கிடையாது. அந்த அலுவலகத்திலிருந்து போன் வரும் நாளென்றால் எங்கள் ஆபீசில் ஃபைல் தானாக மேஜைக்கு மேலே வந்துவிடும். பிற்பாடு எம்.எல்.ஏ. அலுவலகங்களிலேயே இ-சேவை மையம் வைக்கும் ஏற்பாடும் வந்தது. கம்ப்யூட்டர் வந்தது நல்லதுதான். ஆனால் அந்த நோட்டின் வேலையைச் செய்ய ஆள் வேண்டுமே.

அடுத்தது முகாம்கள். கண் சிகிச்சை முகாம், பொது மருத்துவ முகாம், வேலைவாய்ப்பு முகாம், மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் முகாம். தலைவர் பிறந்தநாள் வந்தால் எண்ணிக்கை கூடும், பந்தல் பெரிதாகும். ஐந்நூறு பேரை உட்கார வைத்து ஒரே மாதிரி மூக்குக்கண்ணாடி கொடுத்த கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். பவர் பார்க்காமல் கண்ணாடி கொடுப்பது என்ன சேவையோ! கண் முகாம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மதுரை நமக்கு நல்ல வழி காட்டியிருக்கிறது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராகப் போய் முகாம் நடத்தித்தான் வளர்ந்தது. இடம், விளம்பரம் இரண்டையும் உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும். கண்புரை என்று தெரிந்தவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்து, ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். பிறகு மறுபரிசோதனையும் உண்டு. ஆகவே எம்.எல்.ஏ. முகாம் நடத்தினால் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை பேரைப் பஸ் ஏற்றினீர்கள் என்று கேளுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தொகுதி மேம்பாட்டு நிதி.

எம்.பி.க்களுக்கு இப்படி ஒரு நிதி 1993 டிசம்பரில் வந்தது. இப்போது ஆண்டுக்கு 5 கோடி. நம் எம்.எல்.ஏ.க்களுக்கு மாநில அரசு தருவது சில ஆண்டுகளாகத் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. பெரிய தொகையாகத் தெரிகிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரித்துப் பாருங்கள், தலைக்கு நூறு ரூபாய்கூட முழுதாக வராது. இதை வைத்துக்கொண்டு "எங்க தெருவுக்கு ரோடு, எங்க தெருவுக்கு ரோடு" என்று ஆளாளுக்கு இழுத்தால் என்ன மிஞ்சும்?

பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. நிறைய பேருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. வேலையை அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார். பொறியாளர் எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, ஊராட்சியோ பேரூராட்சியோ சம்பந்தப்பட்ட துறையோ கட்டும். கோயில் மதில் கட்ட முடியாது. நினைவுச் சின்னம் கூடாது. நிலம் வாங்க முடியாது. தனி ஒருவருக்கு மட்டும் பயன்படும் எதையும் செய்ய முடியாது. அங்கன்வாடி, ரேஷன் கடை, பள்ளிக்கு வகுப்பறை, ஆழ்துளைக் கிணறு, பயணியர் நிழற்குடை என்று பொதுவில் இருக்கிற சொத்தாக இருக்க வேண்டும். நிழற்குடையைப் பற்றி ஒரு வார்த்தை. சில இடங்களில் உட்காரும் திண்ணையைவிடப் பெயர்ப்பலகை நீளம். மழை பெய்தால் ஜனங்கள் எதிர்க்கடையில் ஒதுங்குகிறார்கள்.

நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் ஒரு குடியிருப்பு. ரேஷன் கடை வாடகைக் கட்டடத்தில், மழைக்கு அரிசி மூட்டை நனையும். எம்.எல்.ஏ. வரும்போதெல்லாம் பெண்கள் காரை மறித்துச் சொல்வார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் "செஞ்சு தர்றேம்மா" என்பார். பொய் சொல்லவில்லை, அவர் பட்டியலில் எழுதியும் கொடுத்தார். வேலை நடக்கவில்லை. ஏன்? இடம் இல்லை. ஊர்க்காரர்கள் காட்டிய இடம் ஓடைப் புறம்போக்கு. நீர்நிலையில் கட்டடம் கட்ட எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். ஃபைல் திரும்பி வந்தது. அதை ஊரில் யாருக்கும் சொல்லவும் இல்லை. அவர்கள் எம்.எல்.ஏ. ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் கிராம நிர்வாக அலுவலரிடம் உட்கார்ந்து, ஊரின் நில விவரங்கள் இருக்கும் அ-பதிவேட்டைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நத்தம், அதாவது குடியிருப்பு நில வகையில் சின்னதாக ஒரு துண்டு நிலம் காலியாகக் கிடப்பது தெரிந்தது. சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகல் வாங்கி, கிராம சபையில் தீர்மானம் போட வைத்தார். கடை எத்தனை கார்டுக்கு என்பதையும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக் கொடுத்தார். அதே எம்.எல்.ஏ., அதே நிதி, அதே நாங்கள். கட்டடம் எழும்பியது. இடம், தீர்மானம், எண்ணிக்கை மூன்றும் கையில் இருந்தால் எஸ்டிமேட் போடும் பொறியாளருக்கு "பார்க்கலாம்" என்று சொல்ல வழியில்லை.

கிராம சபை என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்பு ஆண்டுக்கு நான்கு நாள்: குடியரசு தினம், மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்கு இதே மாதிரி ஏரியா சபை. எம்.எல்.ஏ. சிறப்பு விருந்தினராக வருவார், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார். போகட்டும். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை ஏறியதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, எம்.எல்.ஏ.வால் மட்டும் முடிகிற காரியத்துக்கு வருகிறேன். பட்டாவுக்கு வட்டாட்சியர் இருக்கிறார். சாக்கடைக்கு கவுன்சிலர் இருக்கிறார். திங்கட்கிழமை மனு வாங்கக் கலெக்டர் இருக்கிறார். ஆனால் அமைச்சரை எழுந்து நிற்க வைத்துப் பதில் வாங்க இந்தத் தொகுதியில் ஒரே ஒருவரால்தான் முடியும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி போட்டால் அமைச்சர் அவையிலேயே வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். துறை துறையாக நிதி ஒதுக்கீட்டைப் பேசும் மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது, அவசரப் பிரச்சினையை அமைச்சர் கவனத்துக்குக் கொண்டுவரும் கவன ஈர்ப்பு இருக்கிறது. அமைச்சர் "செய்து தரப்படும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால் அதைத் துரத்திப் பிடிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையில் ஒரு குழுவே இருக்கிறது.

ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வேண்டும் என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். "பாலம் கட்ட அரசு முன்வருமா?" என்று கேட்டால் "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், உட்கார்ந்துவிடுவார்கள். பாலம் நிற்பது பல இடங்களில் பணத்தால் அல்ல, அணுகுசாலைக்கான நில எடுப்பால். "நில எடுப்பில் எத்தனை சர்வே எண்கள் பாக்கி, இழப்பீடு யாருக்கு நிலுவை, எந்த மாதம் முடியும்?" என்று கேட்டால் அமைச்சருக்குப் பின்னால் இருக்கும் அதிகாரிகள் காகிதம் தேடுவார்கள். அப்படி ஒரு கேள்வியை எம்.எல்.ஏ.வுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது நாம்தான். அவருக்கு முகூர்த்தத்துக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கிறதே. கேள்வி நேரத்தை 2022-லிருந்து நேரலையில் காட்டுகிறார்கள். சீரியல் பார்க்கிற நேரத்தில் ஒரு நாள் அதையும் பாருங்கள்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாள் நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பதினைந்து நாளுக்குள் கலெக்டரிடம் கொடுங்கள் என்றார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும்தான். நல்ல ஏற்பாடு. நம் தொகுதியின் பத்து எவை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பட்டியலைப் போடும்போது யாராவது நம்மைக் கேட்டார்களா? நாமாவது போய்ச் சொன்னோமா?

எம்.எல்.ஏ.வை நம்ப முடியவில்லை என்றால் பேரவையின் மனுக்கள் குழுவுக்கு நாமே நேராக எழுதலாம். தமிழில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஐந்து நகல். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை. பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600009. குழு மாவட்டத்துக்கு வரும்போது அதிகாரிகளைக் கூட்டி வைத்து நேரிலேயே விசாரிக்கும். என்னென்ன எழுதக்கூடாது என்றும் அறிவிப்பில் சொல்வார்கள்: தனிநபர் குறை, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, கடன், பணியிட மாறுதல், நீதிமன்ற வழக்கு. காலையில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கொண்டுவந்த மனுக்களில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடும்.

நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொதுப் பிரச்சினை பற்றிக் கேட்க வேண்டியவர்கள் இப்போது கேளுங்கள், மைக் பின்வரிசைக்கு வரும். உதவித்தொகை விஷயமாக வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வெளியே திண்ணைக்கு வாருங்கள். ஆதார் நகல் கையில் இருந்தால் மனுவை அங்கேயே எழுதித் தந்துவிடுகிறேன்.