சவ்வில் விழும் ஓட்டை

வணக்கம் நேயர்களே. ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு மூடியிருக்கிறது, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன, கனம் சுமார் 5 நானோமீட்டர். அதற்குக் கண நேர மின் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால் மூலக்கூறுகள் விலகி, தண்ணீரை விரும்பும் தலைகளை உட்பக்கம் வளைத்து, நடுவே ஒரு ஓட்டை விடும். டி.என்.ஏ.வை செல்லுக்குள் நுழைக்க ஆய்வகங்களில் சாதாரணமாகச் செய்வதுதான். ஆனால் அந்த ஓட்டையைக் கண்ணால் பார்த்தது யார்?

ஒளி மைக்ராஸ்கோப் உதவாது, சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாமே மங்கல். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் சவ்வின் குறுக்குவெட்டை இரண்டு கறுப்புக் கோடுகளாகவே காட்டிவிடும். சரி, அப்புறம் என்ன சிக்கல்? நேரம்தான். கருவிக்குள் வெற்றிடம் என்பதால் செல்லை முதலில் பதப்படுத்த வேண்டும், மருந்து ஊறி சவ்வைப் பிடித்து நிறுத்துவதற்குள் சின்ன ஓட்டைகள் எப்போதோ மூடியிருக்கும்.

அதனால் உறையவைத்துப் பார்த்தார்கள். 1990-ல் சாங், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ரத்தச் சிவப்பணுக்களுக்கு மின் துடிப்பு கொடுத்து, சில மில்லிவிநாடிகளுக்குள் உறையவைத்து எடுத்த படங்களில் எரிமலை வாய் மாதிரி திறப்புகள் தெரிந்தன, அகலம் 20 முதல் 120 நானோமீட்டர் வரை. அருமையான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் கோட்பாடு சொல்லும் ஓட்டை சில நானோமீட்டர்தானே! செல் தண்ணீர் குடித்து வீங்கியதில் பிற்பாடு கிழிந்த வாய்கள் அவை என்று வாதிட்டவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான்.

இப்போதுதான் மாதிரியைச் சட்டென்று உறையவைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிரையோ முறை இருக்கிறதே, 2017-ல் நோபல் பரிசே வாங்கியதே என்பீர்கள். அது புரதங்களில் ஜெயித்ததற்குக் காரணம், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களின் மங்கல் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்க முடிவதுதான். கொழுப்பு ஓட்டை அப்படியா? ஒன்றைப் போல இன்னொன்று இல்லை, அதே ஓட்டையே அடுத்த நொடியில் வேறு வடிவம். எலக்ட்ரான்களைக் கூட்டித் தெளிவாக எடுக்கலாமென்றால் சவ்வே கருகிவிடும். அதனால் 1 நானோமீட்டர் ஓட்டையை இன்றைக்கும் பெரும்பாலும் கசியும் மின்னோட்டத்தை அளந்தும், கணினியில் அணு அணுவாக நடித்துக் காட்டியும்தான் தெரிந்துகொள்கிறோம்.